மூச்சுத்துளை

என் வேலை, பேட்டரியை அக்குளில் வைத்திருப்பது.
மைனஸ் முப்பத்தெட்டில்
வெளியே வைத்தால் பத்து நிமிடம் தாங்காது.
என் சட்டைக்குள்ளிருந்து ஓர் ஒயர்
கேமராவுக்குப் போகும்.
முட்டைமேல் அமர்ந்த பறவைபோல
கையை விரிக்காமல் நிற்பேன்.

கேமரா உலுரியாக்குடையது.
ஈட்டி கில்லாக்குடையது.
பசி மூவருடையது.

இருவரும் பிடிக்கத்தான் வந்திருந்தார்கள்,
அவள் படம், அவன் சீல்.

தெற்கிலிருந்து வந்தவர்கள் எங்களை எடுத்தபோது
காற்றுக்கு வயலின் போட்டார்கள்,
கரடிக்கு முரசு.
உலுரியாக் எதுவும் போடமாட்டாள்.
"பனிக்கட்டிக்குத் தொண்டை இருக்கிறது,
நாம் ஏன் இரவல் கொடுக்க வேண்டும்?"

கில்லாக் சொன்னான்:
நாம் கால் மாற்றினாலே கீழே கேட்டுவிடும்,
உன் இயந்திரம் பல்லைக் கடிப்பது கேட்காதா?

அவள் தன் மகனின் பழைய மான்தோல் சட்டையைக்
கேமராவுக்கு மாட்டினாள்.
பொத்தானும் போட்டாள்.
மூச்சுத்துளையின் விளிம்பில்
கீழ்நோக்கிப் படுக்கவைத்தாள்.

நான்கு மணி நேரம்.
மூக்கில் நீர் வடிந்தது, உறைந்தது,
துடைக்கவில்லை.

வந்தது.

முகத்தை நான் பார்க்கவில்லை.
கேட்டது ஒரு பெருமூச்சு மட்டும்,
வேலை முடிந்து செருப்பைக் கழற்றுகிறவருடையது போல.
பிறகு இன்னொன்று.
கில்லாக் ஈட்டியை ஓங்கவில்லை.
ஏன் என்று கேட்கவில்லை.
அன்றிரவு பிஸ்கட்டும் டீயும்.

மறுநாள் ஓங்கினான்.

இழுத்துப் பனிமேல் போட்டதும்
வாயில் பனியைக் கரைத்து
அதன் வாய்க்குள் நல்ல தண்ணீர் விட்டான்.
உப்பிலேயே வாழ்ந்தது, தாகத்தோடு போகக்கூடாது.
அந்த நேரம் பார்த்துக்
கேமரா முனகி நின்றது.
நான் கையைத் தூக்கிவிட்டேன்,
பேட்டரி நழுவிப் பனியில் கிடந்தது.
வேண்டுமென்றே செய்தேனா?
இரண்டு வருடமாயிற்று, இன்னும் தெரியவில்லை.
உலுரியாக் திரும்பிப் பார்த்தாள்.
ஒன்றும் சொல்லவில்லை.

குளியல் தொட்டியில் கழுவினோம் படச்சுருளை,
காப்பித்தூள், சலவைச் சோடா, வைட்டமின் மாத்திரை.
வீடே கசந்தது.
கடைசி அலசல் கடல்நீரில்.
உப்பு அங்கங்கே பூத்துவிட்டது,
இருக்கட்டும் என்றாள்.

பள்ளிக்கூட ஜிம்மில், கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே
நெகட்டிவாகவே ஓட்டினாள்.
பனி கறுப்பு. சீல் வெளிச்சம்.
மூச்சு வந்து கண்ணாடியில் படியும், கரிபோல் பரவும்,
அடுத்த மூச்சு அதைக் கரைக்கும்.
ஒரே ஒரு மீசைமயிர்
கீறல்போல் குறுக்கே போனது.
சிலர் சிரித்தார்கள். ஒருவர் கதவைப் படாரென்று சாத்திவிட்டுப் போனார்.
அப்புறம் கவனித்தேன்,
முன்வரிசைப் பிள்ளைகள்
அதனோடு சேர்ந்து மூச்சு விட்டார்கள்.

விளக்குப் போட்டதும்
அட்டைப்பெட்டியைப் பிரித்துத் தரையில் விரித்தாள்.
இறைச்சி அறுக்கும் பிறைக்கத்தியை எடுத்தாள்.
கூறு போட்டாள்.
ஆண்துணையில்லாத வீடுகளுக்கு முதலில்,
பிறகு பிள்ளைக்காரிகளுக்கு,
கதவைச் சாத்திவிட்டுப் போனவருக்கும் ஒன்று.
நடுப்பகுதி நல்ல கூறு, சண்டை வந்தது.
எனக்கு விழுந்தது நான்கே கட்டம்,
முழுக்கக் கறுப்பு.
நிற்கப்போகும் கேமரா மெதுவாகும்,
வெளிச்சம் அளவுமீறி ஏறிவிடும்.
தண்ணீர் விட்ட அந்தக் கை
இந்தக் கறுப்புக்குள்தான் இருக்கிறது.
வேண்டுமென்றே எனக்குக் கொடுத்தாளா?
அதையும் கேட்கவில்லை.

டொரண்டோவிலிருந்து கடிதம் வந்தது,
விழாவுக்கு ஒரு பிரதி வேண்டுமாம்.
"மன்னிக்கவும்," என்று எழுதிப்போட்டாள்,
"ஊர் தின்றுவிட்டது."

கில்லாக் தன் துண்டை என்ன செய்தான் என்று
இந்தக் குளிர்காலத்தில்தான் பார்த்தேன்.
முன்பு இறகைக் கட்டித் தொங்கவிடும் இடத்தில்,
துளைக்கு நேர்மேலே,
ஒரு நரம்பில் அதைக் கட்டியிருந்தான்.

இருவரும் குனிந்து நிற்கிறோம்.
பேட்டரி இல்லை, ஆனாலும்
கை விலாவோடு ஒட்டியே இருக்கிறது.
கீழே வந்தால்
அது ஆடும்.